பழைய காசைத் துலக்கித் திருப்பி அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான வாசகர் கடிதம் ஒன்றில், இணையத்தில் பழைய காசும் தபால் முத்திரையும் விற்பவர்கள் அத்தனை பேரும் எத்தர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். வங்கியில் காசு போட்டுவிட்டு ஒரு மாதம் காத்திருந்து, கடைசியில் அவருக்கு வெறும் அட்டைப்பெட்டிதான் வந்து சேர்ந்ததாம். அவருடைய வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. அப்படிப்பட்ட விற்பனையாளர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி எழுதத்தான் வேண்டும். ஆனால் "அத்தனை பேரும்" என்ற அந்தச் சொல் என்னை இரண்டு இரவுகள் உறங்கவிடவில்லை. திருகோணமலை உவர்மலையில் இருந்துகொண்டு அதே பொருட்களைச் சில ஆண்டுகளாக விற்றுவருகிறவள் நான். விற்பவள் பக்கத்துக் கதையையும் தங்கள் வாசகர்கள் ஒருமுறை கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

31 ஆண்டுகள் தபால் கந்தோர்களில் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். நான் விற்பவை என் தகப்பனார் சேர்த்துவைத்தவை. அவர் இங்கே டொக்யார்ட்டில் களஞ்சிய எழுதுவினைஞராக இருந்தார். 1957ஆம் ஆண்டு பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்துவிட்டுப் போகும்வரை அங்கேதான் வேலை. கப்பலில் வந்தவர்கள் கொடுத்த முத்திரைகள், சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய காசுகள், கடிதவுறைகள் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் பேணியிலும் மூன்று அல்பங்களிலும் சேர்த்தார். 1990இல் ஊரைவிட்டு ஓடியபோது அம்மா கையில் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டார். அப்பா அந்தப் பேணியைத் தூக்கிக்கொண்டார். வழியெல்லாம் அம்மா அதற்காக அவரை ஏசிக்கொண்டே வந்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறி வந்த காலையில் நாங்கள் கரையோரத்து வீடொன்றில் இருந்தோம். உயிர்கள் தப்பின. அல்பங்கள் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. ஒவ்வொரு முத்திரையையும் சாமணத்தால் பிடித்து எடுத்து, பழைய பத்திரிகைத் தாள்களில் பரப்பி, மின்விசிறி கூட இல்லாத அறையில் ஒன்பது நாட்கள் உலர்த்தினோம். பலவற்றின் ஓரத்தில் தேநீர்க்கறை போல ஒரு மெல்லிய பழுப்பு வரி தங்கிவிட்டது. இணையத்தில் என் விற்பனைப் பக்கத்தில் ஒரு முத்திரையைப் போடும்போது அந்த வரியைத் தனியாகப் படம் எடுத்துப் போடுகிறேன். "கடல்நீர்க் கறை உண்டு" என்று முதல் வரியிலேயே எழுதுகிறேன். 31 வருடம் மற்றவர்களின் கடிதத்தையும் காசுக்கட்டளையையும் கையாண்ட எனக்கு, உள்ளதை உள்ளபடி எழுதுவது பழக்கத்தில் வந்தது.

விற்கத் தொடங்கியது 2022இல். அந்த ஆண்டு இந்த நாட்டில் ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை நான் விவரிக்க வேண்டியதில்லை. பேரன்தான் கைத்தொலைபேசியில் ஒரு விற்பனைத் தளத்தில் எனக்கொரு பக்கம் திறந்து தந்தான். முதல் மாதம் நன்றாகவே போனது. கிண்ணியாவில் இருந்து ஒரு நானா வந்தார், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பிரித்தானிய அரசர் ஆறாம் ஜோர்ஜ் காலத்து முத்திரைகளை அரை மணி நேரம் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தார். வேண்டாததை ஒதுக்கி, வேண்டியதற்குக் கேட்ட விலையை எண்ணி வைத்துவிட்டுப் போனார். இன்றும் வருகிறார். நோன்புப் பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்புவார். வாங்குகிறவர்கள் எல்லோரும் அவரைப் போல இருப்பார்கள் என்று நான் நினைத்துவிட்டேன்.

விலை பேசுவதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. சந்தையில் பேரம் பேசாதவர் யார்? கறிவேப்பிலைக்கே பேரம் பேசுகிற ஊர் இது. "கடைசி விலை என்ன?" என்று நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஒரு செய்தி வரும், பதில் அனுப்பினால் அதற்குப் பிறகு சத்தமே இருக்காது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். "எனக்கே வைத்திருங்கள் அம்மா, வெள்ளிக்கிழமை காசு போடுகிறேன்" என்று சொல்லிவிட்டு மூன்று வெள்ளிக்கிழமைகள் ஆளைக் காணாமல் போவதுதான் பொறுக்க முடியாதது. அந்த மூன்று வாரத்தில் உண்மையாகவே வாங்க வந்த இரண்டு பேருக்கு "கொடுத்துவிட்டேன்" என்று நான் சொல்லி அனுப்பியிருப்பேன். சொன்ன சொல்லுக்காகக் காத்திருந்தது என் தவறா?

ஒருவர் நேரில் வந்து வாங்குவதாகச் சொன்னார். முன்பின் தெரியாதவரை வீட்டுக்குக் கூப்பிட மகளுக்கு விருப்பமில்லை. அதனால் பஸ் நிலையத்தடியில் சந்திப்பது என்று பேசிக்கொண்டோம். 1951ஆம் ஆண்டின் ஒரு ரூபாய்த் தாள், மத்திய வங்கி தொடங்கியபின் முதன்முதலாக வெளியிட்டவற்றில் ஒன்று, ஆறாம் ஜோர்ஜ் படம் போட்டது. அதை அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கைப்பையில் எடுத்துக்கொண்டு போனேன். பகல் பதினொரு மணியில் இருந்து இரண்டேகால் வரை நின்றேன். கோட்டைப் பக்கத்து மான்கள் சில அங்கே பழத்தோல் தின்றுகொண்டு நின்றன. இரண்டரைக்கு அவரிடம் இருந்து ஒரு வரி வந்தது: "வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்துவிட்டது." காலையிலேயே அதைச் சொல்லியிருந்தால் நான் அந்த வெயிலில் நின்றிருக்க மாட்டேன். அறுபத்தாறு வயதில் எனக்கு முழங்கால் வலி.

இனி, பொருள் கைமாறிய பின் நடப்பவை. இவைதான் என்னை எழுதவைத்தவை.

1935ஆம் ஆண்டு இலங்கை வெளியிட்ட முத்திரைத் தொகுதியில் ஒரு ரூபாய் முத்திரை எங்கள் ஊர்க்காட்சியைக் கொண்டது. றப்பர் பால் வெட்டுவது இரண்டு சதத்தில், சிவனொளிபாதமலை மூன்று சதத்தில், யானைகள் ஐம்பது சதத்தில், திருகோணமலை ஒரு ரூபாயில். 1938இல் வந்த அடுத்த தொகுதியிலும் ஒரு ரூபாய்க்குத் திருகோணமலைதான். அரசர் மட்டும் மாறினார். அப்பா எனக்குச் சின்ன வயதில் சொல்லித்தந்த பாடம்: தாடி இருந்தால் ஐந்தாம் ஜோர்ஜ், மழித்த முகம் என்றால் ஆறாம் ஜோர்ஜ். என்னிடம் இருந்த 1935 முத்திரையை ஒருவர் கேட்டார். கடல்நீர்க் கறை உண்டு என்று வழக்கம்போல் சொன்னேன். பரவாயில்லை என்றார். பதிவுத் தபாலில் அனுப்பினேன். பத்து நாள் கழித்து, முத்திரை மோசமான நிலையில் இருக்கிறது, ஓரத்துப் பல்வரிசை உடைந்திருக்கிறது, காசைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதினார். அனுப்புங்கள், பார்க்கிறேன் என்றேன்.

வந்த முத்திரையை மேசை விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன். தாடி இருந்தது, ஐந்தாம் ஜோர்ஜ்தான். இடது மேல் மூலையில் இரண்டு பற்கள் இல்லை. ஆனால் ஓரத்தில் பழுப்பு வரியைக் காணவில்லை. கவிழ்த்துப் பார்த்தேன், அங்கும் இல்லை. தபால் கந்தோரில் அதன்மேல் குத்திய மையின் வளைவு என் படத்தில் அரசரின் காதோரம் போகிறது, கையில் இருந்ததில் நெற்றியைத் தொட்டுப் போனது. இது எங்கள் வீட்டு முத்திரை அல்ல. சுனாமித் தண்ணீரில் ஊறியதால் வந்த கறையை நான் பல வருடம் ஒரு குறையாகவே எண்ணியிருந்தேன். அன்று அதுதான் எனக்குச் சாட்சியாக வந்து நின்றது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவருக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. என் நல்ல முத்திரையும் வரவில்லை. அவருடைய பல்லுடைந்த முத்திரை என்னிடம் கிடக்கிறது, நான் அதை எவருக்கும் விற்க மாட்டேன்.

அடுத்தது, தலைப்பில் எழுதிய காசு. 1870ஆம் ஆண்டின் ஐந்து சதச் செப்புக்காசு. ஒருபுறம் விக்டோரியா மகாராணியின் தலை, மறுபுறம் நடுவில் ஒரு மரம், இரண்டு பக்கமும் சிங்களத்திலும் தமிழிலும் எழுத்து. பிற்காலத்துச் சதுர ஐந்து சதத்தை மட்டுமே கண்டவர்கள் இதைக் கையில் எடுத்தால் வியந்துபோவார்கள். அவ்வளவு பெரிது, அவ்வளவு கனம். நூற்றைம்பது வருடம் கைபடக் கைபட அதன் மேல் ஏறிய நிறத்தை எப்படிச் சொல்வது? நன்றாகப் பழுத்த பேரீச்சம்பழத்தின் நிறம். எழுத்தின் பள்ளங்களில் கறுப்பு, மேட்டில் ஒரு மங்கிய மினுக்கம். காசு சேர்ப்பவர்கள் விலை கொடுப்பது அந்த நிறத்துக்குத்தான். காலம் பூசியதை மனிதர் பூச முடியாது என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

4,500 ரூபாய்க்கு அதை வாங்கியவர் ஆறாம் நாள் தொலைபேசியில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். "அன்ரி, காசு கறுத்துப்போய் அழுக்காக இருந்தது. வீட்டில் கழுவிப் பார்த்தோம். பார்த்தால் இது புதுக்காசு போல இருக்கிறது. 1870ஆம் ஆண்டுக் காசு இப்படிப் பளபளக்குமா? இது போலி." நான் ஒரு நிமிடம் வாயடைத்துப்போனேன். எதனால் கழுவினீர்கள் தம்பி என்று கேட்டேன். பழப்புளியும் சாம்பலும் போட்டு அவருடைய தாயார் தேய்த்தாராம். கார்த்திகை விளக்கீட்டுக்குக் குத்துவிளக்குத் துலக்குவதைப் போல.

அது திரும்பி வந்தபோது உறையைப் பிரிக்கவே எனக்கு மனம் வரவில்லை. புதிதாக அடித்த செப்புக் கம்பியின் நிறத்தில், இளஞ்சிவப்பாக, வெறித்துக்கொண்டு இருந்தது காசு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மகாராணியின் கன்னத்தில் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள், சாம்பலின் கீறல்கள். முகர்ந்தால் புளி மணத்தது. எழுத்தின் பள்ளத்தில் வெள்ளையாகச் சாம்பல் ஒட்டியிருந்தது. ஒரு முழுநாள் நல்லெண்ணெயில் போட்டுவைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தாயாரில் எனக்குக் கோபம் இல்லை. துலக்கினால் நல்லது என்றுதான் அவருக்குத் தெரியும். மகன் கழுவுவதற்கு முன் "அன்ரி, இதைக் கழுவலாமா?" என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 4,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். நான் கொடுக்காவிட்டால் போலிக்காசு விற்கிறவள் என்று பக்கத்தில் எழுதுவார்கள் என்ற பயம் ஒருபுறம். வாக்குவாதம் பண்ணத் தெம்பில்லாதது மறுபுறம்.

வெள்ளிக்காசிலும் இதே தொல்லை. 1920களின் ஐம்பது சதம் ஒன்றை வாங்கியவர் அதை நேரே நகைக்கடைக்குக் கொண்டுபோய் உரைகல்லில் உரைத்திருக்கிறார். சுத்த வெள்ளி இல்லை, கலப்படம் என்று சண்டை. கலப்படம் செய்தது நானில்லை, அன்றைய அரசாங்கம். 1919 முதல் இலங்கைக் காசில் வெள்ளியை ஆயிரத்துக்கு 800 பங்கில் இருந்து 550 ஆகக் குறைத்துவிட்டார்கள். அதை விற்பனைக் குறிப்பிலேயே எழுதியிருந்தேன். அவர் படிக்கவில்லை. உரைத்த தடம் இப்போது அரசரின் தலைக்கு மேலே நகக்கீறல் போல நிற்கிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்று நான் நிறைய யோசித்தேன். கைத்தொலைபேசியைத் திறந்தால், "இந்தப் பழைய காசு உங்களிடம் இருந்தால் நீங்கள் இலட்சாதிபதி" என்று தமிழில் கத்துகிற காணொளிகள் வரிசையில் வருகின்றன. அநேகமானவை இந்தியாவில் இருந்து வருபவை. இந்த மோசடி அங்கே எவ்வளவு பெருகியது என்றால், இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஓகஸ்ட்டில் தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு, தாள்களுக்குத் தரகு கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அறிக்கை விட்டது. எங்கள் பிள்ளைகளும் அவற்றைத்தான் பார்க்கிறார்கள். என்னிடம் ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினால் கொழும்பில் ஐந்து இலட்சத்துக்கு விற்கலாம் என்று நம்பி ஒருவர் வாங்குகிறார். கொழும்பில் கடைக்காரர் முந்நூறு என்று சொன்னதும், ஆசை காட்டிய காணொளிக்காரனில் அவருக்குக் கோபம் வருவதில்லை, என்மேல்தான் வருகிறது. வாரத்துக்கு இரண்டு பேராவது 1998ஆம் ஆண்டின் இருநூறு ரூபாய் பிளாஸ்டிக் தாளைப் படம் எடுத்து அனுப்பி, எத்தனை இலட்சம் என்று கேட்கிறார்கள். சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு வந்த அழகான தாள் அது, இந்த நாட்டின் முதல் பிளாஸ்டிக் தாள், பத்திரமாக வைத்திருங்கள், ஆனால் இலட்சம் இல்லை என்று சொன்னால், நான் அடிமாட்டு விலைக்குப் பறிக்கப் பார்ப்பதாகச் சொல்கிறார்கள்.

பொய் ரசீது அனுப்புகிறவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கியில் காசு போட்டதாக ஒரு ரசீதின் படம் வரும், திகதி, தொகை எல்லாம் சரியாக இருக்கும். கணக்கில் காசு இருக்காது. இப்போது கணக்கில் காசு விழுந்ததைக் கண்ணால் கண்ட பிறகே தபாலுக்குப் போகிறேன். அதற்கும் "எங்களை நம்பவில்லையா?" என்று கோபிக்கிறார்கள். நம்பித்தான் இரண்டு முறை ஏமாந்தேன்.

இன்னொரு வகையினரைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். அப்பாவின் பேணியில் ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசு ஒன்று இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி இலங்கையில் அடித்த ஸ்டைவர் காசுகளில், எங்கே அடித்தது என்பதை ஒரு எழுத்து காட்டும். கொழும்புக்கு ஒன்று, காலிக்கு ஒன்று, யாழ்ப்பாணத்துக்கு ஒன்று. எங்களிடம் உள்ளதில் கம்பனியின் சின்னத்துக்கு மேலே 'டி' (T) என்ற எழுத்து நிற்கிறது. திருகோணமலை. நாங்கள் தினமும் நடந்து போகிற இந்த ஊரில் காசு அடித்திருக்கிறார்கள் என்பதை அப்பா இந்தக் காசைக் கையில் தந்துதான் எனக்குச் சொன்னார். பேரன் பெருமையில் அதன் படத்தைப் பக்கத்தில் போட்டுவிட்டான், விற்பனைக்கு இல்லை என்ற குறிப்போடு.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. விற்பனைக்கு இல்லை என்றால் விலையைக் கூட்டுகிறாள் என்று அர்த்தம் செய்துகொள்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் ஒருவர் மாதக்கணக்காக விடவில்லை. "தடித்த புத்தகம் ஒன்றின் நடுவில் பக்கங்களை வெட்டி, காசை உள்ளே வைத்து, புத்தகம் என்று எழுதி அனுப்புங்கள். யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று வழியும் சொல்லித்தந்தார். தபால் கந்தோரில் 31 வருடம் இருந்தவளுக்கு அவர் இதைச் சொல்கிறார்! 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய காசு, நாட்டின் சட்டப்படி தொல்பொருள். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அதை நாட்டைவிட்டு அனுப்புவது குற்றம். 1940ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அது, இன்றைக்கு நேற்றைக்கு வந்ததல்ல. இதைச் சொன்னதும் "உங்களுக்கு உதவி செய்யத்தான் கேட்டேன், உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்" என்றார். என் கஷ்டம் அவருக்குத் தெரிந்திருந்தால் என்னைச் சட்டத்துக்கு முன்னால் நிறுத்தப் பார்த்திருக்க மாட்டார். அந்தக் காசு பேரனுக்கு.

கடைசியாக, என்னை இந்தப் பேனாவை எடுக்கவைத்த தாள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானியர் திருகோணமலையில் குண்டு போட்டபோது அப்பாவுக்குப் பதினேழு வயது. அந்த ஆண்டு சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்து, அரசாங்கம் சதக்கணக்கிலும் சின்னச் சின்னத் தாள்களை வெளியிட்டது. அவற்றில் ஐந்து சதத் தாள் விசித்திரமானது. இரண்டு முத்திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது போல, ஒரு பாதி இரண்டு சதம், மறுபாதி மூன்று சதம். நடுவில் முத்திரைத் தாளில் இருப்பது போலத் துளைவரிசை. சில்லறை வேண்டுமென்றால் அதன்வழி கிழித்துக் கொடுக்கலாம். கிழித்துக் கொடுப்பதற்காகவே அச்சடித்த தாள் என்பதால், கிழியாத முழுத்தாள் கிடைப்பது அருமை. தம் முதல் கூலியில் வந்த ஒன்றைச் செலவழிக்க மனமில்லாமல் அப்பா வைத்துக்கொண்டாராம். அந்தச் சின்னத் தாள் 1990இலும் தப்பியது, 2004இலும் தப்பியது. பேணியின் மூடி இறுக்கமாக இருந்தது.

மகளின் சத்திரசிகிச்சைக்குப் பணம் சேர்க்க வேண்டியிருந்ததால் அதை விற்க முடிவுசெய்தேன். ஒருவர் 9,000 ரூபாய்க்குக் கேட்டார். கிளாசின் என்ற மெல்லிய வழுவழுப்பான தாள் உறையில் இட்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, "மடிக்க வேண்டாம்" என்று மூன்று மொழியிலும் எழுதி, தபால் கந்தோர் மேசையிலேயே பேரனைக் கொண்டு முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பினேன். பத்தொன்பதாம் நாள் அது திரும்பி வந்தது. அதே உறை, அதே அட்டைகள். உள்ளே இரண்டு துண்டுகள்.

"இப்படித்தான் வந்தது, கிழிந்த தாளை அனுப்பிவிட்டீர்கள்" என்று அவர் என் பக்கத்தில் பகிரங்கமாக எழுதினார். கீழே நாற்பது பேர் வந்து, ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்காமல், கள்ளி என்றும் கிழவி என்றும் எழுதினார்கள். மகளுக்குத் தெரியாமல் வைக்க முயன்றேன், அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் படித்துவிட்டாள். விற்பனைத் தளத்துக்காரர்கள் வாங்கியவர் பக்கமே நின்றார்கள். தபாலில் போட்ட தருணத்தில் தாள் முழுதாக இருந்ததை என் படம் காட்டும், அவர் பிரித்த தருணத்தில் எப்படி இருந்தது என்பதை அது காட்டாது என்று சொல்லிவிட்டார்கள். 9,000 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த இரண்டு துண்டுகளையும் பல நாள் உருப்பெருக்கியால் பார்த்தேன். கிழிந்த ஓரத்தில் துளைகளுக்கிடையே உள்ள பற்கள் புத்தம்புது வெள்ளை. எண்பது வருடப் பழுப்பு அங்கே ஏறவில்லை. தாளின் மற்ற நான்கு ஓரமும் பழுப்பாக இருக்கின்றன. கீழிருந்து மேலே ஐந்து பற்கள் ஒழுங்காகப் பிரிந்திருக்கின்றன, ஆறாவதில் கை தடுமாறி மூன்று சதப் பக்கத்துக்குள் ஒரு நூலளவு இழுத்திருக்கிறது. தபாலில் கசங்கிக் கிழிந்தது அப்படி இருக்காது. யாரோ இரண்டு விரலால் பிடித்து, துளைவழி பார்த்துப் பார்த்துக் கிழித்திருக்கிறார்கள்.

வாசகர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வாங்குவதற்கு முன் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள். நூறு படம் கேட்டாலும் அனுப்புகிறேன். நிறை, அளவு, கறை, கீறல், நீர்க்குறி எதையும் சலிக்காமல் பார்த்துச் சொல்வேன். உண்மையான காசு எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால், கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கியின் அருங்காட்சியகம் இருக்கிறது, ஒருமுறை போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். பார்சல் வந்தால் பிரிக்கும்போதே ஒரு காணொளி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்கும் காவல், எனக்கும் காவல். பிடிக்காவிட்டால் வந்தது வந்தபடியே திருப்பி அனுப்புங்கள், முகம் சுளிக்காமல் காசைத் தருவேன். கழுவாதீர்கள், உரைக்காதீர்கள், மாற்றி வைக்காதீர்கள். கடையில் வாங்கிய சட்டை பொருந்தாவிட்டால் அதே போல இன்னொன்று இருக்கும். ஒரு வீட்டில் எண்பது வருடம் இருந்த தாளுக்கு இன்னொன்று இல்லை.

மூன்று வாரங்களுக்கு முன் எழுதிய அன்பருக்கு: உங்களுக்கு வெற்றுப்பெட்டி அனுப்பியவர் பிடிபட வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். என்ன தேடி வாங்கினீர்கள் என்று ஆசிரியருக்கு எழுதினால், என் அல்பத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் நீங்கள் இங்கே வந்து, கையில் எடுத்துப் பார்த்து, அதன் பிறகு காசு தந்தால் போதும்.

அந்த ஐந்து சதத் தாளை வாங்கிய அன்பரும் இந்தப் பத்திரிகையைப் படிக்கக்கூடும். 9,000 ரூபாயை நான் கேட்கவில்லை, உங்கள் பெயரை எங்கும் சொல்லவும் மாட்டேன். துளை இருக்கிறதே, கிழித்துப் பார்ப்போம் என்று தோன்றியிருக்கலாம், வீட்டில் சின்னப்பிள்ளை ஏதும் இருந்திருக்கலாம். எப்படிக் கிழிந்தது என்பதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். என் தொலைபேசி எண் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர்,
உவர்மலை, திருகோணமலை.